நாலு மணிக்குச் சொல்ல வேண்டிய பதில்

கரண்ட் போய் நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்தான். பாளையங்கோட்டையில் ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விடுவான், அதுவும் அவன் மனசு வைத்தால். ஆவுடையம்மாள் பிளைவுட் தட்டிக்குப் பின்னால், மவுண்ட் வெட்டுகிற மேசைக்கு முன்னால், ஸ்டூலில் உட்கார்ந்து வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புழுங்கியது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒட்டிக் கிடப்பது தெரிந்தது, இழுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. நாலு மணிக்குக் கோயம்புத்தூர்க்காரன் போன் பண்ணுவான். மிஷின் வேணுமா வேண்டாமா, ரெண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள்தான் சொல்ல வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷமாக இந்த பிரேம் கடைக்கு வந்து போகிறாள், சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று ஒரு தடவை கேட்டது கிடையாது. இன்றைக்குக் காலையில் ஷட்டரைத் தூக்குகிறபோது சுடலைமணி, அவள் புருஷன், கடைக்கும் அவளுக்கும் சொந்தக்காரர், குனிந்த வாக்கிலேயே சொல்கிறார்: "ஏட்டி, நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். மவுண்ட் வெட்டுதவ நீதான? நாலு மணிக்கு அவன் கூப்பிடும்போது நீயே பேசு." சொல்லிவிட்டு ஆணி டப்பாவைத் தேடிப் போய்விட்டார். அடேயப்பா, என்ன பெருந்தன்மை. திடீரென்று ஒருத்தியைப் பிடித்து உனக்கு என்ன வேணும் என்று கேட்டால் அவள் எங்கே போய் எடுத்து வருவாள்? காலையிலிருந்து உள்ளே துழாவிப் பார்க்கிறாள். வேணும் என்பதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. சுவரில் ஒரு பல்லி மட்டும் இருந்தது.

மவுண்ட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றுதான் அவள் யாரிடமும் சொல்வாள். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் தெரிகிற அட்டை, அவ்வளவுதான். அட்டையின் நடுவில் படம் தெரிய ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். கத்தி நேராக இறங்கக் கூடாது, சாய்ந்து இறங்க வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைச் சரிவு தெரியும். மூலை நாலும் சரியாகச் சேர வேண்டும். ஒரு நூல் கூடினால் மூலையில் கீறல், ஒரு நூல் குறைந்தால் பிசிறு. இதை அந்த மிஷின் முப்பது விநாடியில் செய்கிறது. செல்போனில் வீடியோ காட்டினார் சுடலைமணி. கம்ப்யூட்டரில் அளவைத் தட்டினால் கத்தி தானே போகிறது, தானே திரும்புகிறது, வட்டம் போடுகிறது, முட்டை வடிவம் போடுகிறது, பிறந்தநாள் பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டி எடுக்கிறது. "பாத்தியா, பாத்தியா, மனுசன் கையே படலை" என்று அவர் பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. அதில் என்ன பொய் சொல்ல? ஆனால் நாலடிக்கு அஞ்சடி இடம் வேண்டும். கடையில் நாலடிக்கு அஞ்சடி இருக்கிற ஒரே இடம் அவள் உட்கார்ந்திருக்கிற இடம். "அப்புறம் நீ என்னத்துக்கு இங்கன கிடந்து வேகணும்? நான் ரெண்டு நாள்ல மிஷினப் பழகிருவேன். நீ வீட்ல மைனிகூட நிம்மதியா இரு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் கஷ்டம். கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் சண்டை பிடிக்கலாம்.

மைனியோடு நிம்மதியாக. மைனி என்றால் சுடலைமணியின் அக்கா, புருஷன் போனபிறகு இவர்களோடு வந்து இருக்கிறவள். கெட்டவள் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்கு டி.வி.யைப் போட்டால் ராத்திரி பத்துக்குத்தான் நிறுத்துவாள், நடுவில் ஒவ்வொரு சீரியலுக்கும் ஆவுடையம்மாளிடம் நியாயம் கேட்பாள். "அவ செஞ்சது சரியா, நீயே சொல்லு ஆவுட." மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தபிறகு அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை. இந்தத் தட்டிக்குப் பின்னால் ஏழு மணி நேரம், அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கஸ்டமர் வருவதும் போவதும் காதில் விழும், முகம் தெரியாது. அவளையும் யாருக்கும் தெரியாது. தட்டி மேல் அளவுச் சீட்டு வரும், வெட்டி அதே வழியாகக் கொடுப்பாள். கல்யாணமான புதுசில் இது ஜெயில் மாதிரி இருந்தது, அழுதிருக்கிறாள். எப்போது பிடித்துப்போனது என்று தெரியவில்லை. பிடித்துப்போனதா, பழகிப்போனதா? இந்த இடம் போய்விட்டால் ஒருநாளில் தனக்கென்று ஒரு மணி நேரம்கூடக் கிடையாது, அது மட்டும் நிச்சயம். அதை நினைத்தால் பயமாக இருக்க வேண்டும். இருந்தது என்றும் சொல்ல முடியாது. வயிற்றில் என்னவோ கனத்துக் கிடந்தது, காலையில் தின்ற உளுந்தங்களியாகவும் இருக்கலாம்.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே. அங்கேதான் சிக்கல். வலது கையில் பெருவிரலும் அடுத்த ரெண்டு விரலும் ஆவணி மாசத்தில் மரத்துப்போயின, இது மாசி. முதலில் நுனியில் சீனி தூவின மாதிரி நறநறவென்று இருந்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஒருநாள் டீ கிளாஸைப் பிடித்திருந்தவள் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால் விரல் கன்றிப்போய்க் கொப்புளம் கட்டியிருக்கிறது, சுட்டதே தெரியவில்லை. சுகரோ, கழுத்து எலும்போ, இருபத்திரண்டு வருஷம் கத்தியை அழுத்தி அழுத்தி நரம்பே போய்விட்டதோ. டாக்டரிடம் போகவில்லை. போனால் சுடலைமணிக்குத் தெரியும், தெரிந்தால் மறுநாளே வீடு, மைனி, டி.வி. அதனால் கண்ணால் வெட்டப் பழகிக்கொண்டாள். கண்ணால் வெட்டலாம், ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். கத்தி அட்டைக்குள் இறங்குகிறபோது அது எத்தனை கனத்துக்குள் போகிறது என்று விரலுக்குத்தான் முதலில் தெரியும் என்பதை மறந்துபோனாள். மறக்கவில்லை. தெரியும். தெரிந்தேதான் வெட்டினாள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஏட்டி, சாப்பிடலியா?" தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுடலைமணி குரல்.

"பசிக்கல. நீங்க சாப்பிடுங்க."

"எனக்கு ஆச்சு. மிஷினப் பத்தி யோசிச்சியா?"

"யோசிக்கேன்."

"யோசி, யோசி. அவசரம் ஒண்ணுமில்ல, நாலு மணிதான்" என்று சிரித்தார். பிறகு பெஞ்சில் கால் நீட்டுகிற சத்தம், ரெண்டு நிமிஷத்தில் குறட்டை. கொடுத்து வைத்த மனுசன். கரண்ட் இல்லாத நாளில்கூடத் தூக்கம் வருகிறது. கரண்ட் இல்லாவிட்டால் அந்த மிஷின் என்ன செய்யும் என்று கேட்கலாம், அதைக் காரணமாகச் சொல்லி வேண்டாம் என்று விடலாம். மாசத்தில் ஒருநாள்தானே என்பார். ஆமாம், ஒருநாள்தான். அது காரணமில்லை. காரணம் கேட்டால் எதைச் சொல்ல? இடம் போய்விடும் என்றா? விரல் போய்விட்டது என்றா? ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பின்னாலேயே வரும். வேண்டாம் என்றால் இந்த விரலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை படத்தைக் கெடுக்கப் போகிறாள்? வேணும் என்றால் எழுந்து போக வேண்டும். மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்துவிட்டாள். பல்லியைக் காணோம்.

எத்தனை படத்தை என்ன, ஒன்று ஏற்கெனவே கெட்டாயிற்று. தவசிமுத்து சார் படம். பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சம்சாரம் அன்னபாக்கியம் போன மாசம் இறந்துபோனாள். அவர் படத்தைக் கொண்டுவந்த அன்றைக்குச் சுடலைமணி வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. "படம் மாலைக்கா சார், சும்மாவா?" பிரேம் கடையில் இதைக் கேட்டே ஆக வேண்டும். மாலைக்கு என்றால் இறந்தவர் படம், மேலே மாலை மாட்ட ரெண்டு கொக்கி வைக்க வேண்டும். கேட்காமல் ஒருதடவை, உயிரோடு இருக்கிற பஞ்சாயத்துத் தலைவர் படத்தில் கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டு மூணு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். சார் "மாலைக்குத்தான்" என்றார். குரல் நிதானமாக இருந்தது. படம் தட்டி மேலாக வந்தது. ஏதோ பள்ளிக்கூட ஆண்டுவிழாக் கூட்டப் படத்திலிருந்து அந்தம்மாவை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்திருந்தான் ஸ்டுடியோக்காரன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மெல்லிசாகச் செயின், சிரிக்கலாமா வேண்டாமா என்கிற முகம். இடது ஓரத்தில், நாற்காலி முதுகின் மேல், யாருடையதோ ஒரு கை. முழங்கைக்கு மேல் ஆளே இல்லை, கை மட்டும்.

இந்த மாதிரி ஓரத்துக் கைகால்கள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். கூட்டத்திலிருந்து ஒருத்தரைப் பிரித்தால் பக்கத்தில் நின்றவருடைய தோளோ காதோ ஒட்டிக்கொண்டு வரும். அதையெல்லாம் மவுண்டுக்குள் அடக்கிவிடுவதுதான் பழக்கம், யாரும் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் மேசை மேல் ஒரு கழிவு அட்டையைப் போட்டு, அதன்மேல் நல்ல அட்டையைக் கவிழ்த்து வைத்து வெட்டுவாள். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போகும்போது படத்தைக் கழிவு அட்டைமேல் வைத்தாள். திரும்பி வந்து அதன்மேலேயே நல்ல அட்டையைக் கவிழ்த்தாள். எந்தப் பைத்தியமும் செய்யாத வேலை. விரல் நன்றாக இருந்தால் அட்டையை அமர்த்துகிறபோதே, அடியில் என்னமோ இருக்கிறது என்று சொல்லியிருக்கும். கத்தி இறங்கும்போதாவது சொல்லியிருக்கும். சொல்லவில்லை. மேலேயிருந்து கீழே வரை ஒரே இழுப்பு. அடுத்த பக்கத்துக்கு அட்டையைத் திருப்பியபோது படம் ரெண்டாகக் கிடந்தது: ஒன்றில் அன்னபாக்கியம், ஒன்றரை அங்குல நீளத்துண்டில் அந்தக் கை. அவள் கத்தவில்லை. அழவில்லை. அதுதான் இப்போதும் அவளுக்குப் புரியவில்லை. ஒரு செத்த பொம்பளையின் படத்தை வெட்டிப்போட்டோம் என்று நெஞ்சு படபடக்க வேண்டாமா? பேப்பர் டேப்பை எடுத்துத் துண்டைப் பின்பக்கம் சேர்த்து ஒட்டினாள். புது அட்டையில் சின்ன ஜன்னல் வெட்டினாள். கோடு, துண்டு, கை, எல்லாம் அட்டைக்குள் போய்விட்டது. படம் முன்னைவிட நன்றாகவே இருந்தது. சுடலைமணி பார்க்காமலேயே சட்டம் அடித்து, பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி முடித்துவிட்டார். முகம் தப்பியது, யாரோ ஒருத்தன் கைதானே போனது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விரல் மரத்தது போய் மனசும் மரத்துவிட்டதா, மனசு மரத்துத்தான் விரலுக்கு வந்ததா? எது முதலில் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பெரும்பாலும் யாரும் கழற்ற மாட்டார்கள். "படம் ஆச்சாப்பா?" தவசிமுத்து சார்தான். சுடலைமணி எழுந்து, சார் சார் என்று பெஞ்சைத் தட்டி, படத்தைத் துணியால் துடைத்துக் கொடுப்பது கேட்டது. இருட்டாக இருக்கிறது என்று சார் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார் போலிருக்கிறது. ஆவுடையம்மாள் ஸ்டூலில் அசையாமல் இருந்தாள்.

"இங்கன ஒரு கை இருந்துச்சே" என்றார் சார்.

"ஆமா சார், பக்கத்துல நின்னவங்க யாரோ. அதெல்லாம் மவுண்டுக்குள்ள அடக்கிருவோம். இருந்தா பாக்க அசிங்கமா இருக்கும்லா."

"அது என் கைப்பா."

சுடலைமணி துணியை உதறி மடிப்பது கேட்டது.

"கல்யாணப் படமெல்லாம் ஆத்து வெள்ளத்துல போயிட்டு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து எடுக்கவே இல்ல. இது ஒண்ணுதான். இதுலயும் அந்த ஸ்டுடியோக்காரன் என்னைய வெட்டிட்டான், கையாவது இருக்குன்னு வச்சிருந்தேன்." குரல் அன்றைக்கு மாதிரியே நிதானமாகத்தான் இருந்தது. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"சார், சார், இதுக்குப் போயி... உள்ளதான் இருக்கு உங்க கை, எங்கயும் போகல. பிரிச்சு ஜன்னலப் பெருசா வெட்டிருவோம், பத்தே நிமிசம். ஏட்டி ஆவுட! ஆணி பிடுங்குத குறடு இருக்கா, எடு."

குறடு அவள் மேசையில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் அவர் பிரிப்பார், பிரித்தால் டேப்பு தெரியும். கொடுக்காமல் நானே பிரிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே வைத்து, என்னமாவது செய்து, என்ன செய்து? கை அறுந்தது அறுந்ததுதான். நாளைக்கு வாங்க சார் என்று சொல்லச் சொல்லலாம். நாளைக்கும் அறுந்துதான் இருக்கும். அந்தக் கைக்கு ஆள் இருப்பான் என்று அவள் நாலு நாளில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஆள் இருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் எழுந்தாள். குறடு அங்கேயே கிடக்க, தட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். கஸ்டமர் முன்னால் அவள் இப்படி வந்து எத்தனையோ வருஷமாகிறது. தவசிமுத்து சார் அவள் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"பிரிக்காண்டாம்" என்றாள். "நான் வெட்டிட்டேன்."

"எத?"

"சார் படத்த. படத்து மேலயே அட்டையப் போட்டு வெட்டிட்டேன். கை தனியா வந்துட்டு. பின்னால ஒட்டி மறைச்சு வச்சிருக்கேன்." அடுத்த வீட்டுக்காரி கதையைச் சொல்வது மாதிரி வந்தது குரல். "சார், தப்பு என் மேலதான். அவுகளுக்குத் தெரியாது."

சார் அவளைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், எங்கேயாவது சுருக்கென்று படும். அவர் உதட்டை ஒரு தடவை கடித்துக்கொண்டார். "துண்டு இருக்கா? தூரப் போடலியே?"

"இருக்கு சார்."

"அப்ப வெளிய தெரியுத மாதிரி வையிங்க. கோடு தெரியட்டும், பரவால்ல."

"ஸ்டுடியோவுல குடுத்து கோட்ட அழிச்சிரலாம் சார், நானே கொண்டு போறேன், என் பொறுப்பு" என்று சுடலைமணி படபடத்தார்.

"இனி ஸ்டுடியோக்காரன் கையில குடுக்க மாட்டேன்" என்று சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், படத்தை மடியில் வைத்துக்கொண்டு.

சுடலைமணி அவள் பக்கம் திரும்பினார். கோபம் வந்திருந்தது, காது சிவந்திருந்தது. "உனக்கு எப்படிட்டி தெரியாமப் போச்சு? கண்ணக் கட்டி விட்டாலும் ஒரு தாளா ரெண்டு தாளான்னு சொல்லுவியே."

"விரல் செத்துட்டு."

"என்னது?"

"மூணு விரலு. ஆவணியிலருந்து. சுட்டாலும் தெரியல, வெட்டினாலும் தெரியல. சொன்னா வீட்ல இருக்கச் சொல்லுவிய. அதான் சொல்லல."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையெல்லாம் யோசிக்கவில்லை. அவள் வலது கையைப் பிடித்து இழுத்து, பெருவிரல் நுனியில் பென்சில் முனையை வைத்து அழுத்தினார். "தெரியுதா?" "இல்ல." ஆள்காட்டி விரல். "இது?" "இல்ல." நடுவிரல். தோல் குழிந்து கறுப்பாகப் புள்ளி விழுந்தது. "இல்ல." அவர் முகம் என்னமோ ஆகிவிட்டது. அடுத்த விரலுக்குப் போகாமல் அங்கேயே நின்றார். ஆறு மாசமாக இந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போடுகிறாள் என்பதை நினைத்தாரோ என்னவோ. முன்பக்க மேசை மேல் போன் அடித்தது. ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கோயம்புத்தூர்.

அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இடது கையை நீட்டி எடுத்தாள்.

"வணக்கம்ங்க மேடம். சார் சொன்னாருங்க, நீங்கதான் முடிவு சொல்வீங்கன்னு. என்னங்க பண்ணலாம்?"

என்ன பண்ணலாம்? இப்போதும் உள்ளே வேணும் என்று ஒன்றும் எழும்பவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது. "அத எடது கையால ஓட்டலாமா?"

"புரியலைங்களே மேடம்."

"மிஷின. எடது கை மட்டும் வச்சு ஓட்ட முடியுமான்னு கேக்கேன்."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. மவுஸ்தானுங்களே, எந்தக் கையில பிடிச்சா என்னங்க. ஓட்டலாம்ங்க."

"அப்ப கொண்டாங்க. என் மேசை இருக்க எடத்துலதான் போடணும். ஓட்டப்போறது நான், அவுக இல்ல. எனக்குத்தான் சொல்லிக்குடுக்கணும்."

"சரிங்க மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவுக இங்கதான் இருக்காக" என்றாள். அவர் மறுத்துப் பேசுவார், போனைப் பிடுங்குவார் என்று திரும்பிப் பார்த்தாள். சுடலைமணி எங்கேயோ கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் குனிந்து பார்த்தாள். அவள் விரல் மூன்றையும் அவர் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.